ஐந்தரைக் கட்டை

3 ஜூன் 2019, திங்கள்

இன்று எனக்கு எழுபது வயது, ஏழு மாதம், பதினெட்டு நாள். இந்த வயதில் மனிதர்கள் உயில் எழுதுவார்கள், காசிக்குப் போவார்கள், அடுத்த வீட்டு மருமகளைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள். நான் பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

வகுப்பு நடப்பது தில்லைநகரில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். சக மாணவிகள் நால்வர்; மூத்தவளுக்கு எட்டு வயது. பாட்டு ஆசிரியை பிரமிளா, கல்லூரியில் என்னிடம் விலங்கியல் படித்தவள். தவளையை அறுக்கச் சொன்னால் அழுவாள். செய்முறைத் தேர்வில் அவளுக்கு நான் போட்ட மதிப்பெண் எங்கள் இருவருக்குமே நினைவிருக்கிறது.

"மேடம், வாங்க வாங்க! யாரச் சேர்க்க வந்திருக்கீங்க?"

"என்னை."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பாயை விரித்தாள்.

மூச்சுப் பயிற்சிக்காக என்று அவளிடம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. இங்கே எழுதத் தடையில்லை. மார்ச் பதினோராம் தேதி என் கணவர் தாயுமானவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்காலும் வலக்கையும் பாதி மீண்டுவிட்டன. பேச்சு மீளவில்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் மதகுகளோடும் ஒப்பந்தக்காரர்களோடும் வாதாடிய மனிதரிடம் இப்போது ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: "பரவாயில்ல." பசிக்கிறதா என்றால் பரவாயில்ல. படுக்கை நனைந்துவிட்டதா என்றால் பரவாயில்ல. நான் யார் என்று மருத்துவர் கேட்டபோதும் அதே பதில்தான். சில மனைவிகளுக்கு அது பொருத்தமான மதிப்பீடாகவும் இருக்கலாம்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் நஸ்ரின் என்ற பெண் வீட்டுக்கு வருகிறாள். போன வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்:

"மூளையில பேச்சு இருக்கற பக்கம்தாம்மா அடிபட்டிருக்கு. பாட்டு இருக்கற பக்கம் நல்லாருக்கு. வார்த்தைய ராகத்துல வச்சுக் குடுத்தா சில பேருக்கு வந்துடும். ஆனா தினமும் வீட்டுல ஒருத்தர் பாடணும். நீங்க பாடுவீங்களா?"

"தொண்டையில் கோளாறு. எழுபத்து நான்கில் பாடக்கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார்."

"நாப்பத்தஞ்சு வருஷமாவா?"

"ஆமாம்."

"பரவாயில்ல" என்றார் கட்டிலிலிருந்து அவர்.

வீட்டில் வேறு ஆள் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆகவே நான்தான்.

6 ஜூன், வியாழன்

கட்டை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள்கள் இரண்டு: அடுப்பில் வைப்பது, கடைசியில் அடுக்குவது. பாட்டில் அது குரலின் இருப்பிடம். ஒவ்வொருவர் குரலும் வசதியாக உட்காரும் உயரத்துக்கு ஓர் எண். பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு.

பிரமிளா கைபேசியிலேயே சுருதியை ஓடவிட்டு, "மேடம், சும்மா 'ஆ'ன்னு வாங்க" என்றாள். வந்தேன். பிள்ளைகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்கு ரெண்டரை மேடம். தப்பே இல்ல. கனமான குரல், அழகாத்தான் இருக்கு."

வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்கள் அனைவரும் என்னை 'சார்' என்கிறார்கள். அழகைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

"ஐந்தரை வை" என்றேன்.

"அது உங்களுக்கு எட்டாது மேடம். தொண்டை போயிடும்."

"ஐந்தரை."

வைத்தாள். அன்றைக்குத் தவளையை அறுக்கச் சொல்லி நான் நின்ற நிலையும் இப்படித்தான் இருந்திருக்கும்.

11 ஜூன், செவ்வாய்

வீட்டுப் பாடம்: வயிறு எழும்பும்படி மூச்சிழுத்தல், தோள் எழக்கூடாது. உதட்டை மூடி 'ம்' என்று முனகுதல். தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி விட்டபடி ஸ்வரம் சொல்லுதல். தொண்டையைக் கனைக்கக்கூடாது. ஐஸ் தண்ணீர் கூடாது. என்னைப் பொறுத்தவரை அது ஒரு தியாகமும் அல்ல.

குரல்வளையின் குருத்தெலும்புகளைப் பெயர் சொல்லிக் கரும்பலகையில் ஆயிரம் முறை வரைந்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றுகூட என் பேச்சைக் கேட்கவில்லை.

நஸ்ரின் முறை இது: அவருடைய இடக்கையைப் பிடித்து மெத்தையில் தட்டிக்கொண்டே இரண்டு ஸ்வரத்தில் பாட வேண்டும். "தண்-ணி வே-ணும்." கீழே ஒன்று, மேலே ஒன்று. அவரும் சேர்ந்துகொள்ள வேண்டும்.

"அவர எப்படிம்மா கூப்பிடுவீங்க? அதையும் ராகத்துல வைக்கலாம்."

"கூப்பிட மாட்டேன். எதிரில் போய் நிற்பேன்."

"சரி, 'என்னங்க'ன்னு வச்சுக்குவோம்."

நாற்பது முறை பாடினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் திறக்கவில்லை. நாற்பத்தோராம் முறை "பரவாயில்ல" என்றார்.

"அந்த வார்த்தைய மட்டும் கணக்குல எடுக்காதீங்கம்மா" என்றாள் நஸ்ரின். "அது தானா வர்றது. தும்மல் மாதிரி. ராகத்தோட வருது பாருங்க, அதுதான் அவரே சொல்றது."

14 ஜூன், வெள்ளி

மூன்று மாதமாக மாலை ஆறரை மணி வெறுமையாக இருக்கிறது. அந்த நேரத்துக்குத்தான் அவர் பால் காய்ச்சுவார். பனங்கற்கண்டு, நான்கு மிளகு, ஒரு சிட்டிகை மஞ்சள். தம்ளரைத் தட்டில் வைத்து நான் விடைத்தாள் திருத்தும் மேசைக்கே கொண்டுவருவார். நான் ஓய்வு பெற்ற பிறகும் கொண்டுவந்தார். எனக்கு மிளகுப் பால் பிடிக்காது. திருமணமான நாள்முதலே பிடிக்காது. குடித்துவிடுவேன்.

பால் ஆற்றும்போது ஏதோ ஒரு மெட்டை முனகுவார். என்ன பாட்டு என்று நான் கேட்டதில்லை.

17 ஜூன், திங்கள்

தொண்டை ரணம். வகுப்புக்குப் போகவில்லை.

20 ஜூன், வியாழன்

பிரமிளா இன்று என் பாட்டைக் கைபேசியில் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினாள். தொடக்கநிலையில் எல்லாருக்கும் செய்வதாம். கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட பூனையை நினைத்துக்கொண்டேன்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இது யார் குரல் மாதிரி வரணும்னு பாடுறீங்க?"

"யார் மாதிரியும் இல்லை."

"இல்ல மேடம். புதுசா வர்றவங்க எல்லாரும் அவங்க காதுல இருக்கற யாரோ ஒருத்தர் மாதிரிதான் பாடப் பாப்பாங்க. அத விட்டாத்தான் சொந்தக் குரல் வெளிய வரும்."

விலங்கியலில் முப்பத்தைந்து மதிப்பெண் வாங்கியவளுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தேர்வு வைக்கத் தெரியவில்லை.

25 ஜூன், செவ்வாய்

நஸ்ரினும் அதையே வேறு சொற்களில் சொன்னாள். "அவரு ஆம்பளைம்மா. நீங்க அங்க உச்சாணில நின்னு பாடினா அவரு எப்படிச் சேர்ந்துக்குவாரு? நீங்க பேசுற குரல்லயே பாடுங்களேன்."

ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு கைபேசியில் ஐந்தரையை அழித்துவிட்டு இரண்டரையை வைத்தேன்.

28 ஜூன், வெள்ளி

இன்று அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

30 ஜூன், ஞாயிறு

முந்தைய பதிவு போதாது. நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி எழுத வேண்டும் என்று மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

காலை பத்து மணி. இரண்டரைக் கட்டையில் "தண்-ணி" என்று இறங்கி நின்றேன். மெத்தையில் தட்டிக்கொண்டிருந்த அவர் இடக்கையின் அழுத்தம் என் கைக்குள்ளேயே மாறியது. "வே-ணும்" என்றார். ராகத்தோடு. என் குரலுக்குக் கீழே, அதே இடத்தில். நான் தம்ளரை எடுக்கப் போனபோது முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டது, இன்னும் வீங்கியிருக்கிறது. அவர் குடித்து முடித்து, தம்ளரைத் திருப்பித் தந்து, மறுபடியும் கேட்டார். ஐந்து தம்ளர் குடித்தார். தாகம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

5 ஜூலை, வெள்ளி

தண்ணீர், வலி, போதும், என்னங்க. நான்கும் வந்துவிட்டன. கடைசியாகச் சொன்னது என்னுடைய வரி; அவர் அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு என்னையே "என்னங்க" என்று பாடி அழைக்கிறார். நஸ்ரின் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

போகும் நேரத்தில்தான் அது நடந்தது. அவர் தானாக ஒரு மெட்டை முனகத் தொடங்கினார். இரண்டு வரி நீளம். சுத்தமாக, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து.

"அம்மா! இது என்ன பாட்டு?"

"தெரியாது."

"இவ்வளவு பழசா உள்ள பதிஞ்சிருக்கற பாட்டுதாம்மா தங்கம். அந்த வார்த்தைங்கள பாடிக் குடுத்தா முழு வரியே வந்துடலாம். அதப் பிடிச்சுக்கிட்டு மத்த பேச்சும் வரும்." அவரிடம் குனிந்தாள். "சார், இது யார் பாடின பாட்டு?"

அவர் இடக்கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"உங்களக் காட்டுறாரும்மா."

மூளை அடிபட்டவர் கை எங்கும் காட்டும் என்றேன்.

8 ஜூலை, திங்கள்

வகுப்பில் அந்த மெட்டை முனகிக் காட்டினேன். "மோகனம் மேடம். ஆனா இந்தப் பாட்டு நான் எங்கயும் கேட்டதில்லையே" என்றாள் பிரமிளா.

கேட்டிருக்க முடியாது. புதுக்கோட்டையில் என் தந்தையின் நண்பராக இருந்த ஒரு பள்ளி இசையாசிரியர் எழுதி மெட்டமைத்தது அது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. இப்போது உயிரோடிருப்பவர்களில் அந்தப் பாட்டு முழுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்: என் தங்கை வடிவு. அறுபது வயது. அதே புதுக்கோட்டையில் இருக்கிறாள்.

போன வெள்ளியன்று 'தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

10 ஜூலை, புதன்

வடிவைத் தொலைபேசியில் அழைத்தேன். பேச்சை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, அந்தப் பாட்டா? அது எதுக்கு இப்ப?"

"அவர் முனகுகிறார். வார்த்தை வேண்டும்."

"அத்தான் இன்னுமா அத வச்சுக்கிட்டு இருக்காரு?"

"வார்த்தையைச் சொல்லு."

"சொல்றது என்னக்கா, நானே வர்றேன். பஸ் ஏறினா ஒண்ணரை மணி நேரம். பக்கத்துல உக்காந்து பாடுறேன். முன்ன மாதிரி அஞ்சரை இல்லாட்டியும் அஞ்சு கட்டை இப்பவும் வரும் எனக்கு."

"வேண்டாம்."

"ஏங்க்கா?"

"அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடி கழியட்டும்."

"நீ எப்பலேருந்து ஆடி பாக்க ஆரம்பிச்ச? ஆடியில எங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்த வைக்கச் சொல்லி அம்மாகிட்ட சண்ட போட்டவதானே நீ!"

"வயதாகிறது."

"அக்கா, இத்தன வருஷம் ஆச்சு. சொன்னா என்ன ஆயிடப் போவுது?"

"எதைச் சொன்னால்?"

"ஒண்ணுமில்ல. எழுதிக்கோ."

அவள் பாடினாள். தொலைபேசியின் அந்தச் சிறிய துளை வழியாகக்கூட அந்தக் குரல் எண்ணெய்போல் இறங்குகிறது. 'மலைமேல் விளக்கெரிய மனம் ஏன் இருள்கொள்ளும்' என்பது முதல் வரி. எழுதிக்கொண்டேன். பதிவு செய்யவில்லை. பதிவு செய்யத் தெரியும்.

16 ஜூலை, செவ்வாய்

நஸ்ரினிடம் சொற்கள் கிடைத்துவிட்டன என்றேன். "அந்தப் பாட்டத் தெரிஞ்சவங்களையே ஒரு தடவ கூட்டிட்டு வந்துடுங்கம்மா. இல்லாட்டி போன்ல பதிவு பண்ணினாக்கூடப் போதும். அவரு காதுல இருக்கற குரல் மாதிரியே இருந்தா சட்டுன்னு பிடிச்சுக்குவாரு. முதல் ஆறு மாசம்தான் வேகமா வரும். இப்பவே நாலு மாசம் போயிடுச்சு."

நானே கற்றுப் பாடுகிறேன் என்றேன்.

17 ஜூலை, புதன்

ஆடி முதல் நாள். தெருவில் எல்லாரும் வழக்கப்படி தேங்காய் சுட்டார்கள்; நான் சுடவில்லை. நாள்காட்டியில் தாள் கிழித்தேன்.

22 ஜூலை, திங்கள்

பிள்ளைகள் சரளி வரிசையில் ஐந்தாவதுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் பிரமிளா தனியாக அந்த இரண்டு வரிகளைச் சொல்லித் தருகிறாள். 'விளக்கெரிய' என்ற இடத்தில் மேலே போய்த் திரும்ப வேண்டும். போகிறேன், திரும்பும்போது படி தவறிவிடுகிறது.

"தொண்டைய நெரிக்காதீங்க மேடம். கொட்டாவி விடுறப்ப உள்ள திறக்குமில்ல, அப்படி வச்சுக்கோங்க. வார்த்தைய முன்னுக்கு, உதட்டுக்குக் கொண்டு வாங்க." பிறகு மெதுவாக: "மேடம், உங்களுக்குத் தொண்டையில எந்தப் பிரச்சினையும் இருக்கற மாதிரி தெரியலயே. ரெண்டு மாசத்துல இவ்வளவு வந்திருக்கு. யார் மேடம் அன்னிக்குப் பாடக்கூடாதுன்னு சொன்னது?"

மருத்துவர் இறந்துவிட்டார் என்றேன். அவள் பெயரைக் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

29 ஜூலை, திங்கள்

அவருடைய சட்டைகளில் பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டை தைக்கக் கொடுத்தேன். மின்கட்டணம் கட்டினேன். 'விளக்கெரிய' மூன்று முறைக்கு ஒருமுறை சரியாக வருகிறது.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. ஊரே காவிரிக் கரையில். அவர் வேலையில் இருந்தபோது இந்த நாளில் கலந்த சாதம் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போவோம். அவர் சாதத்தை விட்டுவிட்டு நீர்மட்டத்தைப் பார்ப்பார். இன்று எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும் செய்து ஊட்டினேன். வாயைத் துடைத்து, தலையணையை நிமிர்த்தி வைத்து, அவர் இடக்கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

பாடினேன். இரண்டரைக் கட்டையில், இரண்டு வரிகள், தவறில்லாமல். திரும்பும் படியும் தவறவில்லை. என் வாழ்நாளில் நான் பிழையின்றிப் பாடிய ஒரே பாட்டு அதுதான்.

முதல் வரிக்கு அவர் கை மெத்தையில் தட்டியது. இரண்டாம் வரியின் நடுவே நின்றுவிட்டது. என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் சேர்ந்து பாடுவார் என்று காத்திருந்தேன். பாடவில்லை. அந்த மெட்டை முனகவும் இல்லை. அவர் கண் என் வாயிலிருந்து இறங்கித் தொண்டையில் நின்றது. பிறகு, நாங்கள் யாரும் சொல்லித் தராத ஒரு சொல்லை, 'தண்ணி வேணும்' என்ற ராகத்திலேயே வைத்துப் பாடினார்:

"பா-ல் வே-ணும்."

புதுச் சொல். அவரே பொருத்திக்கொண்ட சொல். ஓடிப்போய்ப் பாலைச் சுட வைத்தேன். மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாகப் பனங்கற்கண்டு டப்பாவைத் திறந்தேன், எறும்பு. உதறிவிட்டு, மிளகைத் தட்டி, மஞ்சள் போட்டு, அவர் ஆற்றுவதுபோல் ஆற்றி எடுத்துவந்தேன்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தம்ளரை இடக்கையால் என் பக்கம் தள்ளினார். பாதி என் புடவையில் கொட்டியது. நான் புரியாமல் மறுபடி நீட்டினேன். அவர் மறுபடி தள்ளினார். பிறகு அந்தக் கையை உயர்த்தி, இரண்டு விரல்களை என் தொண்டையின் மேல் வைத்தார்.

"பா-ல்" என்று பாடினார். அதன் பின், ராகமில்லாமல், வழக்கமாகச் சொல்வதுபோல்: "பரவாயில்ல."

நஸ்ரினின் விதிப்படி அந்தச் சொல் கணக்கில் வராது.

மிச்சமிருந்த பாலைக் குடித்தேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

வடிவை வரச் சொல்லிவிட்டேன். பதினெட்டாம் தேதி, ஆவணி முதல் நாள்.

"நாளைக்கே வர்றேனேக்கா. நடுவுல ரெண்டு வாரம் என்னத்துக்கு?"

"பதினெட்டு."

இரண்டு வாரம் எனக்கு வேண்டும். அவள் வாய் திறக்குமுன் நான் வாய் திறந்தாக வேண்டும். நான்கு வாக்கியங்கள்தான். ஒரு தாளில் எழுதி இரண்டு முறை திருத்தினேன்.

7 ஆகஸ்ட், புதன்

இன்று சொல்லவில்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

இன்றும். நஸ்ரின் 'பால்' என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்து, "எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டாள். தானாக வந்தது என்றேன். அவர் மெட்டை முனகுவதை ஏன் நிறுத்திவிட்டார் என்றும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை.

இப்போதெல்லாம் தினமும் ஆறரைக்கு "பா-ல்" என்று கூப்பிடுகிறார். காய்ச்சுகிறேன். அவர் பார்க்க நான் குடிக்க வேண்டும். குடித்து முடிக்கும்வரை கண்ணெடுப்பதில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

மதியம் ரசச் சாதம் புரையேறியது. நீண்ட இருமல். மாலையில் காய்ச்சல், நூற்றொன்று. அப்படியிருந்தும் ஆறரைக்குப் பாலை நினைவுபடுத்தினார்.

12 ஆகஸ்ட், திங்கள்

மருத்துவமனை. நெஞ்சில் சளி. பக்கவாதக்காரர்களுக்கு உணவு தவறிக் காற்றுக்குழாயில் இறங்கும். நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஊட்டும்போது கழுத்தைக் குனிய வைத்திருக்க வேண்டும். வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

முகத்தில் பிராணவாயு முகமூடி. ராகமும் இல்லை, அந்த ஒரு சொல்லும் இல்லை. வடிவு தொலைபேசியில் அழுதாள். நாளைக் காலையில் புறப்பட்டு வருகிறேன் என்றாள். வா என்றேன். திருத்தி எழுதிய தாள் என் கைப்பையில் இருந்தது. செவிலி, "பேசுங்கம்மா, காது கேக்கும்" என்றாள். கட்டிலின் பக்கத்தில் இன்னும் மூன்று நோயாளிகளும் அவர்களின் உறவினர்களும் இருந்தார்கள். நான் அவர் கால்விரல் நகங்களை வெட்டிவிட்டேன்.

14 ஆகஸ்ட், புதன்

காலை 9.15. வடிவின் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தது 9.40.

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி முதல் நாள்.

29 ஆகஸ்ட், வியாழன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிரமிளாவும் நஸ்ரினும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

படத்துக்கு மாலை போட்டதும், யாராவது ஒரு பாட்டுப் பாடலாம் என்று யாரோ சொன்னார்கள். வடிவு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் அதைத்தான் பாடினாள். ஐந்து கட்டையில் தொடங்கி, அவளை அறியாமலேயே ஐந்தரைக்கு ஏறியது அந்தக் குரல்.

முடிந்ததும் என் நாத்தனார், அவருடைய அக்கா, எண்பத்திரண்டு வயது, மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்:

"ஞானாம்பா, அன்னிக்கு உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப நீ உள்ளேருந்து பாடினியே, அதே பாட்டுல்ல இது? என் தம்பி வண்டியில வர்ற வழியெல்லாம் இதத்தான் முனகிக்கிட்டு வந்தான். பாவம், அதுக்கப்புறம் உனக்குத் தொண்டை போயிடுச்சு. உன் தங்கச்சிக்கும் சொல்லிக் குடுத்திருக்கியே, அந்த மட்டும் நல்லது."

நான் வாய் திறப்பதற்குள் வடிவு சொன்னாள்: "ஆமாங்க அண்ணி. அக்காதான் சொல்லிக் குடுத்தா."

நாற்பத்தைந்து ஆண்டுகளாக அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் பாடியதில்லை. நான் அப்படி ஒரு வாக்குக் கேட்டுவாங்கியிருந்தேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. இன்றும் காப்பாற்றினாள்.

எல்லாரும் போய்விட்டார்கள். ஆறரைக்குப் பால் காய்ச்சினேன். கைப்பையிலிருந்த தாளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நான்கு வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை. அவரிடம் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை ராகத்தோடு சொல்லியிருப்பாரா, ராகமில்லாமல் சொல்லியிருப்பாரா என்பதுதான் இனித் தெரியவராது.

இங்கே எழுதிவிடுகிறேன்.

1974 ஆகஸ்ட் 25. காபித் தட்டோடு வந்து வணங்கிவிட்டு உள்ளே போனேன். பெண் பாடுமா என்று அவருடைய தாய் கேட்டார். கூச்சப்படுவாள், உள்ளேயிருந்து பாடுவாள் என்று என் தாய் சொன்னார். பாடியவள் வடிவு. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. யாரேனும் பார்த்தால் தெரியட்டும் என்று என்னை அந்த இடைவெளியில் நிறுத்தினார்கள். நான் வாயசைத்தேன். வெளியே நாற்காலியில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது, இவரைத் தவிர வேறு யாரும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

திருமணமான மூன்றாம் நாள் அவர் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். தொண்டையில் ஏதோ கோளாறு, இனிப் பாடக்கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றேன். "பரவாயில்ல" என்றார். மறுநாள் மாலை ஆறரைக்கு முதல் தம்ளர் பால் வந்தது. கடைசித் தம்ளர் மார்ச் பத்தாம் தேதி. இடையில் ஏறத்தாழ பதினாறாயிரம்.

என் தொண்டையில் ஒருநாளும் எந்தக் கோளாறும் இருந்ததில்லை.